நடிகை அடித்த கோடு

‘படம் நன்றாக இருக்கிறதா என்று பார், அது எப்படி வந்தது என்று கேட்காதே’ என்று ஒரு வாதம் உண்டு. கலையைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இந்த வாதத்தைக் கையில் வைத்துக் கொண்டுதான் மற்றவர் வாயை அடைக்கிறார்கள். கேட்பதற்கு இது கலைக்கு மரியாதை செய்வது போலத்தான் தோன்றும். உண்மையில், கலையின் பேரைச் சொல்லிக் கணக்குக் காட்டாமல் தப்பித்துக் கொள்வதற்காக ஏற்பட்ட வாதம் இது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டைப் பார்த்து, ‘வீடு அழகாயிருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்’ என்று கடன்காரனிடமே கேட்பது போன்றது.

இந்த வாதத்தைக் குறிப்பிட்ட ஒரு படவரிசையை வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். பொதுவாகப் பேசிக் கொண்டிருக்கும் வரையில் நாம் எல்லோருமே நியாயஸ்தர்கள்தாம். பெயரும் ஆண்டும் சொல்லி, ‘இங்கே நடந்தது சரியா?’ என்று கேட்டால்தான் நம்மில் யார் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரியவரும்.

1962ஆம் ஆண்டு ஜூன் மாதம். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்திலுள்ள பெல்-ஏர் ஹோட்டலில் ஓர் அறைத் தொகுதியை வாடகைக்கு எடுத்து, வெள்ளைத் திரை கட்டி, விளக்குகள் வைத்து, அதை ஒரு ஸ்டூடியோவாக்கினார் பெர்ட் ஸ்டெர்ன் என்ற புகைப்படக்காரர். அவருக்கு அப்போது 32 வயது. விளம்பரப் படங்களால் பேரும் பணமும் சம்பாதித்தவர். ‘வோக்’ என்ற பத்திரிகைக்காக அவர் படமெடுக்க இருந்தது மர்லின் மன்றோவை. மன்றோவுக்கு அந்த மாதம் முதல் தேதிதான் 36 வயது நிறைந்திருந்தது. நடித்துக் கொண்டிருந்த படத்திலிருந்து ஃபாக்ஸ் கம்பெனி அவரை நீக்கியதும் அதே மாதத்தில்தான்.

மாலையில் தொடங்கிய வேலை விடிய விடிய நடந்தது. ஷாம்பேன் இருந்தது; மெல்லிய ஸ்கார்ஃப் துணிகள் இருந்தன; பாசிமணிகள் இருந்தன. உடை என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. தான் எதை மனத்தில் வைத்துக் கொண்டு அந்த அறைக்குப் போனார் என்பதை ஸ்டெர்ன் பின்னாளில் தம் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மன்றோவை உடையின்றிப் படமெடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். பத்திரிகைக்காரர்கள், உடை அணிந்த படங்களும் வேண்டும் என்று கேட்டதால் மறுபடியும் அமர்வுகள் நடந்தன. எல்லாம் சேர்த்து 2,500க்கு மேற்பட்ட படங்கள்.

இதுவரையில் நான் குறை சொல்லப் போவதில்லை. மன்றோ குழந்தையல்ல. அந்த அறைக்குத் தம் இஷ்டத்தின் பேரில் வந்தவர். கேமராவின் முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்பதை எந்தப் புகைப்படக்காரனும் அவருக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அந்தப் படங்களில் பல அழகானவை என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. சிரிப்பும் களைப்பும் குறும்பும் ஒரே முகத்தில் கூடியிருக்கின்றன. முந்திய ஆண்டு செய்து கொண்ட பித்தப்பை ஆபரேஷனின் தழும்பு வயிற்றில் தெரிகிறது. நட்சத்திரம் என்ற பூச்சுக்குள்ளிருந்து ஒரு மனுஷி எட்டிப் பார்க்கிறார்.

என் சண்டையெல்லாம் இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

படங்கள் மன்றோவின் பார்வைக்கு அனுப்பப்பட்டன. அந்தக் காலத்துப் பிலிம் வேலையில் ‘காண்டாக்ட் ஷீட்’ என்று ஒன்று உண்டு. நெகடிவ்களை அப்படியே வரிசையாகத் தாளின் மேல் பரப்பி, பெரிதாக்காமல் அதே அளவில் அச்சிடுவார்கள். தபால் தலையைவிடச் சற்றுப் பெரிய படங்கள், ஒரு தாளில் பன்னிரண்டோ முப்பத்தாறோ இருக்கும். எது வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்குவதற்காகவே ஏற்பட்ட தாள் அது. மன்றோ பொறுக்கினார். வேண்டாதவற்றின் மேல் தடித்த மைப் பேனாவால் குறுக்குக் கோடு போட்டார். வண்ணப் பிலிம்களையும் விடவில்லை. அவற்றைக் கொண்டை ஊசியால் கீறினார். இப்படி அடித்துக் கீறித் திருப்பியனுப்பினார்.

ஆகஸ்டு மாதம் முதல் வாரத்தில் மன்றோ இறந்து போனார்.

கறுப்பு வெள்ளைப் படங்களில் சில ‘வோக்’ பத்திரிகையில் வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் ‘ஈராஸ்’ என்ற வேறொரு பத்திரிகை, அந்த வரிசையிலிருந்து ஒரு பகுதியை வெளியிட்டது. 1982ல் ஸ்டெர்ன் ‘கடைசி அமர்வு’ என்ற தலைப்பில் ஒரு பெரிய புத்தகமே போட்டார். மன்றோ அடித்த படங்களும் அதில் இருந்தன. அவர் இழுத்த கோடுகளோடு, அவர் கீறிய கீறல்களோடு இருந்தன! அதற்குப் பிறகு அந்தக் கோடு போட்ட படங்களே தனிச் சரக்காகிவிட்டன. பெரிய அளவில் அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கண்காட்சிகளில் மாட்டினார்கள், ஏலத்தில் விற்றார்கள். ஆரஞ்சு நிறத்தில் குறுக்குக் கோடு விழுந்த ஒரு படத்தை இன்று பலர் தங்கள் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். கோடு இல்லாத படத்தைவிட அதற்கு மவுசு அதிகம்.

சற்று நின்று யோசியுங்கள். ஒரு பெண் ‘இது வேண்டாம்’ என்று சொன்னாள். வாயால் சொல்லியிருந்தால், ‘அப்படிச் சொல்லவில்லை, இப்படிச் சொன்னாள்’ என்று வாதாட இடமிருக்கும். அவள் கையால், மையால், ஊசியால் சொன்னாள். அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லையே அழகு என்று சொல்லிச் சட்டம் போட்டு விற்றுவிட்டோம். உலகத்தில் மறுப்புகள் மீறப்பட்டதுண்டு; புறக்கணிக்கப்பட்டதுண்டு. மறுப்பையே அலங்காரமாக்கி விலை வைத்த சாமர்த்தியம் இதற்கு முன்னால் நடந்ததாக நான் அறியேன்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் சமாதானம்: ‘படம் எடுத்தவன்தானே ஆசிரியன்? எதிரில் இருந்தவள் வெறும் மாடல். மலையைப் படமெடுத்தால் மலையிடம் அனுமதி கேட்பார்களா?’

சட்டம் இந்தப் பக்கம் சாயக் கூடும். பிலிம் யாருடையதோ உரிமையும் அவருடையது என்பதுதான் பொதுவான வழக்கம். ஆனால் ஸ்டூடியோவில் நெருங்கி இருந்து ஒரு நடிகையைப் படமெடுப்பதற்கும் மலையைப் படமெடுப்பதற்கும் ஒரு சிறிய வித்தியாசம் இருக்கிறது. மலை நடிக்காது. பார்க்கிறவனுக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம், கழுத்தை எவ்வளவு திருப்பலாம், உதட்டை எங்கே நிறுத்தலாம் என்று ஒவ்வொரு விநாடியும் தீர்மானித்துக் கொண்டிருப்பவள் நடிகை. அது அவளுடைய தொழில். அது அவளுடைய கலை. மன்றோவோ, 1955ல் புகழின் உச்சியில் இருந்தபோது ஹாலிவுட்டை விட்டு நியூயார்க்குக்குப் போய், லீ ஸ்ட்ராஸ்பெர்க்கிடம் மாணவியாக உட்கார்ந்து நடிப்புப் பயின்றவர். சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கி, தம் படத்தின் டைரக்டர் யார் என்பதில் தமக்கும் சம்மதம் வேண்டும் என்று ஃபாக்ஸ் கம்பெனியிடம் போராடி வாங்கியவர். அவர் மலையல்ல. அந்த அறையில் இரண்டு கலைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் கையில் கேமரா இருந்தது. மற்றவர் கையில் கொண்டை ஊசி மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது சமாதானம்: ‘எடுக்கும்போது சம்மதித்தவள்தானே? சிரித்துக் கொண்டுதானே நின்றாள்?’

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான சமாதானம். எடுப்பதற்குச் சம்மதிப்பது வேறு. வெளியிடுவதற்குச் சம்மதிப்பது வேறு. நடிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சினிமாவில் ஒரு காட்சியைப் பத்துத் தடவை எடுக்கிறார்கள். ஒன்பது தடவை தவறலாம், வழுக்கலாம், அழுகை அதிகமாகலாம், கோமாளித்தனமாகலாம். பத்தாவது சரியாக வரும். ஒன்பதையும் எறிந்துவிடுவார்கள் என்ற தைரியம் இருப்பதால்தான் ஒரு நடிகன் அந்த ஒன்பதிலும் தன்னை முழுக்கத் திறந்து கொட்டுகிறான். நெருக்கமான படமெடுப்பும் இப்படித்தான். ‘பிறகு பார்த்துக் கொள்ளலாம்’ என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த நெருக்கமே நிற்கிறது. ‘இங்கே நீ செய்வது எதுவாயினும் அது நாளைக்குச் சுவரில் தொங்கும்’ என்று அந்த ராத்திரியில் ஸ்டெர்ன் சொல்லியிருந்தால், 2,500 படங்கள் கிடைத்திருக்குமா? நம்பிக்கையைக் கொடுத்து வாங்கிய பொருளை நம்பிக்கையைக் கெடுத்து விற்பதற்குத் தமிழில் ஒரு பேர் உண்டு. அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

சம்மதம் என்பது ஒரு தடவை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக் கொள்ளும் ரசீது என்று நினைப்பவர்கள், மன்றோவின் வாழ்க்கையில் அதற்கு முன்பே நடந்த இன்னொரு கதையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1949ல், பெயர் இல்லாத, பணமுடையில் இருந்த நடிகை அவர். டாம் கெல்லி என்ற புகைப்படக்காரரிடம் 50 டாலர் வாங்கிக் கொண்டு, காலண்டருக்காக உடையின்றிப் படம் எடுத்துக் கொண்டார். ரசீதில் சொந்தப் பெயரைக்கூடப் போடவில்லை. ‘மோனா’ என்று மாற்றிக் கையெழுத்திட்டார். நாலு வருஷங்களுக்குப் பிறகு அவர் பெயர் உலகமெல்லாம் தெரிந்தபோது, ஹியூ ஹெஃப்னர் அந்தப் படங்களில் ஒன்றின் உரிமையைக் காலண்டர் கம்பெனியிடம் 500 டாலருக்கு வாங்கி, 1953 டிசம்பரில் தொடங்கிய ‘பிளேபாய்’ பத்திரிகையின் முதல் இதழில் போட்டார். ஒரு சாம்ராஜ்யமே அதன் மேல் எழுந்தது. மன்றோவுக்கு அதில் ஒரு காசு கிடையாது, கேட்கவும் இல்லை. சட்டப்படி எல்லாம் சரி! அந்தப் பாடத்தைப் படித்த பெண்தான் 1962ல் மைப் பேனாவைக் கையில் எடுத்தார். எதற்காக எடுத்தார் என்று இனியும் விளக்க வேண்டுமா?

மூன்றாவது சமாதானம், கொஞ்சம் இலக்கியம் படித்தவர்கள் சொல்வது: ‘காஃப்கா தம் கையெழுத்துப் பிரதிகளை எரிக்கச் சொன்னாரே! அவருடைய சிநேகிதர் மாக்ஸ் ப்ராட் எரித்திருந்தால் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம்? மன்றோவின் கோட்டை மதித்திருந்தால் அதே நஷ்டம்தானே?’

நாவல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. காஃப்கா 1924ல் இறந்தார். எரிக்கச் சொன்னது வாஸ்தவம். ஆனால், ‘நீ கேட்பதை நான் செய்ய மாட்டேன்’ என்று அவர் உயிரோடிருந்தபோதே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டதாக ப்ராட் எழுதியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகும் காஃப்கா வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. மன்றோவிடம் யாராவது, ‘நீங்கள் கோடு போடுங்கள், ஆனாலும் நான் வெளியிடுவேன்’ என்று சொன்னார்களா? பொறுக்கத்தானே அனுப்பினார்கள்?

இன்னொன்றும் உண்டு. கையெழுத்துப் பிரதி எழுத்தாளனின் மனத்திலிருந்து வந்தது; அவன் உடம்பு அல்ல. நான் ஒரு வாக்கியத்தை எழுதி அடித்துவிடுகிறேன். நான் செத்த பிறகு ஓர் ஆராய்ச்சிக்காரர் அதைத் தோண்டியெடுத்து அடிக்குறிப்பில் போட்டால், என் மானத்தில் கொஞ்சம் போகும்; அவ்வளவுதான். அந்த அடித்த வரியையே பெரிய எழுத்தில் அச்சடித்து, என் நாவலைவிட அதிக விலைக்கு விற்றுப் பணம் பண்ணினால், அவரை ஆராய்ச்சிக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே விஷயம் வாக்கியம்கூட அல்ல. ஒரு மனுஷியின் சரீரம்.

ஸ்டெர்ன் தம் தரப்பில், கோடு போட்ட படங்களைப் பார்த்தபோது தமக்குக் கோபம் வந்ததென்றும், மன்றோ அழித்தது படங்களை மட்டுமல்ல, தம்மையேதான் என்றும் சொல்லிக் கொண்டார். எவ்வளவு சுலபமான தத்துவம்! எழுத்தாளன் வரியை அடித்தால் அதற்குத் திருத்தம் என்று பேர். சிற்பி கல்லைச் செதுக்கினால் அதற்குச் சிற்பம் என்று பேர். நடிகை தன் படத்தை அடித்தால் மட்டும் அதற்குத் தற்கொலை என்று பேரா? அவர் தம்மை அழிக்கவில்லை. தாம் எப்படித் தெரிய வேண்டும் என்று திருத்திக் கொண்டிருந்தார். அந்தத் திருத்தத்தைச் செய்து முடிக்கும் உரிமை, கேமரா வைத்திருந்தவருக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு அவருக்கும் உண்டு.

‘இப்படியெல்லாம் நிபந்தனை போட்டால் உண்மையான முகம் எப்படிக் கிடைக்கும்? நடிகர்கள் எல்லோரும் பொம்மை முகத்தைத்தானே காட்டுவார்கள்?’ என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

1957 மே மாதத்தில் ரிச்சர்ட் அவடான் தம் நியூயார்க் ஸ்டூடியோவில் இதே மன்றோவைப் படமெடுத்தார். மணிக்கணக்காக மன்றோ ஆடினார், பாடினார், சிரித்தார். எல்லாம் ஓய்ந்த பிறகு, எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்ட குழந்தை போல ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது எடுத்த படம்தான் இன்று உலகப் பிரசித்தம். ஜிகினா உடையில் தோள்கள் தளர்ந்து, பார்வை எங்கேயோ போய், நட்சத்திரம் இல்லாத நேரத்து மன்றோ. அதைத் திருட்டுத்தனமாக எடுத்ததாக நினைப்போம். இல்லை. அவருக்குத் தெரியாமல் எடுக்க மாட்டேன் என்றிருந்ததாகவும், கேமராவோடு அருகில் போனபோது அவர் ‘வேண்டாம்’ என்று மறுக்கவில்லை என்பதைக் கண்ட பிறகே எடுத்ததாகவும் அவடான் பின்னால் சொல்லியிருக்கிறார். மறுப்பு வருகிறதா என்று பார்த்து நிற்க அந்த மனிதருக்குப் பொறுமை இருந்தது. அப்படி நின்றதனால் படம் பொம்மையாகிவிட்டதா? மன்றோவை எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் அதைவிட உண்மையான படம் எத்தனை தேறும்?

இரண்டாவது உதாரணம் ஈவ் ஆர்னால்ட் என்ற பெண் புகைப்படக்காரர். ஜோன் கிராஃபோர்ட் என்ற புகழ்பெற்ற நடிகை ஒரு நாள் குடிபோதையில் உடைகளைக் களைந்துவிட்டு, தம்மை அப்படியே படமெடுக்கும்படி வற்புறுத்தினார். ஆர்னால்ட் எடுத்தார். அன்றைக்கு அந்தப் படங்களைப் பத்திரிகைகளுக்கு விற்றிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். இத்தனைக்கும் இங்கே கேட்டவளே நடிகைதான். ஆனாலும், கேட்ட வேளை எப்படிப்பட்ட வேளை என்பது ஆர்னால்டுக்குத் தெரிந்திருந்தது. பிலிம்களை கிராஃபோர்டிடமே கொடுத்துவிட்டார்.

இதனால் அவருக்கு நஷ்டமா? 1959ல் ‘லைஃப்’ பத்திரிகைக்காக அதே கிராஃபோர்டை ஆர்னால்ட் மறுபடியும் படமெடுத்தார். வயது ஐம்பதைத் தாண்டிய ஒரு நட்சத்திரம், தம் அழகைக் கட்டிக் காப்பதற்காக என்னென்ன பாடு படுகிறார் என்பதைக் கண்ணாடி முன்னாலும், அழகு நிலையத்திலும், ஒப்பனை மேஜையிலும் கூடவே இருந்து எடுத்த படங்கள் அவை. புருவத்துக்கு மை தீட்டுவதைக்கூட அருகில் நின்று எடுக்க விட்டார் அந்த நடிகை. எந்த நடிகையும் வேறு எந்தக் கேமராவுக்கும் அவ்வளவு கிட்டத்தில் இடம் கொடுத்திருப்பது அபூர்வம். பிலிமைத் திருப்பிக் கொடுத்தவளுக்குத்தான் அந்தக் கதவு திறந்தது. நெருக்கத்தைக் களவாடுகிறவனுக்கு ஒரு ராத்திரி கிடைக்கலாம். நம்பிக்கையைக் காப்பாற்றுகிறவருக்கு ஓர் ஆயுளே கிடைக்கிறது.

‘இதெல்லாம் பழைய கதை; செத்தவளுக்காக நீர் ஏன் அழுகிறீர்?’ என்று கேட்கலாம். பழைய கதையாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2008ல், 78 வயதான ஸ்டெர்ன், 21 வயது லிண்ட்சே லோஹான் என்ற நடிகையை அதே பெல்-ஏர் ஹோட்டலில் அதே போலத் துணிகளும் பாசிமணிகளும் வைத்து, ‘நியூயார்க்’ பத்திரிகைக்காகப் படமெடுத்தார். மன்றோ அடித்த கோடு, இன்னொரு பெண்ணுக்குப் போஸ் கொடுக்கும் பாடமாகிவிட்டது. 2013ல் ஸ்டெர்னும் இறந்து போனார். ஆனால் அவர் பின்பற்றிய நியாயம் சாகவில்லை. 2023ல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்ட காரியங்களில் ஒன்று, தங்கள் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் பதிந்து கொண்டு தங்கள் சம்மதமில்லாமல் உபயோகிக்கக் கூடாது என்பது. 1962ல் ஒரு நடிகை தனியாக உட்கார்ந்து கொண்டை ஊசியால் எழுதிய விண்ணப்பத்தையே, அறுபத்தோரு வருஷம் கழித்து ஒரு சங்கம் தெருவில் நின்று கோஷமாகப் போட வேண்டியிருந்தது.

நடிகர்களோடு நிற்கவுமில்லை. இன்று எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. கல்யாண வீட்டில் எடுத்த படம், அத்தங்காள் சிரித்துக் கொண்டே ‘அதை எடுத்துடுடா’ என்று சொன்ன படம், பத்து நிமிஷத்தில் பத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. ‘நல்லாத்தானே இருக்கீங்க!’ என்று சமாதானம் வேறு. படம் நன்றாக இருக்கிறதா என்பது எடுத்தவனின் அபிப்பிராயம். அது வேண்டுமா வேண்டாமா என்பது முகத்துக்குச் சொந்தக்காரரின் தீர்ப்பு. அபிப்பிராயத்தைக் காட்டித் தீர்ப்பை மாற்றுவது பெல்-ஏர் ஹோட்டலிலும் தவறுதான்; நம் வீட்டுக் கூடத்திலும் தவறுதான்.

நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. படங்களை எரிக்கச் சொல்லவில்லை. புகைப்படக்காரர்களின் கையைக் கட்டச் சொல்லவில்லை. மன்றோ அடிக்காமல் விட்ட படங்களும் அந்த வரிசையில் இருக்கின்றன. அவற்றைப் பாருங்கள், ரசியுங்கள், அவை அவர் கொடுத்தவை. கோடு விழுந்த படம் எதிரில் வரும்போது மட்டும், ‘ஆகா, என்ன அபூர்வமான சித்திரம்!’ என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் கோட்டை யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று கேளுங்கள். அதை அவர் உங்களுக்காகத்தான் போட்டார். நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகப் போட்டார். பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.